வினைச்சொல் வராத வாக்கியம்

இல்ல சார், நீங்க எழுந்திரிக்க வேணாம். ஜன்னலோரம் உங்க சீட்டு, நீங்களே உட்காருங்க. என் மனைவிக்கு அடுத்த பெட்டியில இடம் விழுந்திருக்கு, அவ்வளவுதான். மதுரையில யாராவது இறங்கினா அப்புறம் பாத்துக்கலாம். அவளும் கவலைப்படுற மாதிரி தெரியல. இப்பத்தான் எட்டிப் பாத்துட்டு வந்தேன். காதுல எதையோ மாட்டிக்கிட்டு நிம்மதியா கண்ணை மூடிட்டா.

ஒரு வகையில நல்லதுதான். அவ பக்கத்துல இருந்தா நான் எதையும் முழுசாச் சொல்ல முடியாது. நடுவுல புகுந்து திருத்துவா.

நாங்க மார்த்தாண்டம் போறோம். டென்சிங்னு என் ஃப்ரெண்டு, புது வீடு கட்டியிருக்கான். நாளைக்குப் பால் காய்ச்சுறாங்க. அங்க என்ன நடக்கும்னு இப்பவே சொல்றேன் பாருங்க. சாப்பாடு முடிஞ்சதும் நாற்காலியை இழுத்துப் போட்டு எல்லாரும் உட்காருவாங்க. யாராவது ஒருத்தர் என் மனைவிகிட்ட, உங்களுது காதல் கல்யாணமாமே, அவர் எப்படிக் கேட்டாருன்னு ஆரம்பிப்பாங்க. இவ உடனே, "என்கிட்ட எங்கே கேட்டாரு? செத்துப்போன ஒரு ஜெர்மன்காரர்கிட்டல்ல கேட்டாரு"ம்பா. கூட்டம் மொத்தமும் சிரிக்கும். மீதியை டென்சிங் நடிச்சுக் காட்டுவான். பல வருஷமா இதே கதைதான் சார். அவங்க சொல்றதுல பாதி தப்பு. உங்களுக்காவது நான் சரியாச் சொல்லிடறேன்.

நாங்க மூணு பேரும் ஜெர்மனியில மேல்படிப்பு படிச்சோம். நான் விருத்தாசலம். பேரு பூவராகன். அந்தப் பேரை ஒரு வெள்ளைக்காரனும் முழுசாச் சொன்னதில்ல. டென்சிங் மார்த்தாண்டம். உமையாளுக்குக் காரைக்குடி. அப்ப அவ என் மனைவி இல்ல, ஒரே விடுதியில மாடி அறையில இருந்த பொண்ணு, அவ்வளவுதான். எனக்கு அவ்வளவுதான் இல்ல, அது வேற விஷயம்.

படிப்பு முடியப்போற சமயத்துல, ஊருக்குத் திரும்பறதுக்குள்ள ஐரோப்பாவை ஒரு சுத்து சுத்திடலாம்னு கிளம்பினோம். திட்டம் போட்டது நான். வழி காட்டினதும் நான். ஏன்னா எங்க மூணு பேர்ல எனக்குத்தான் மொழி வரும்னு ஒரு பேச்சு இருந்துச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பினதும் நான்தான்.

பாரிஸ்ல பழைய துணி விக்கிற சந்தையில ஒரு கறுப்புக் கோட்டு வாங்கினேன். முழங்காலுக்குக் கீழ வரைக்கும் வரும். அதைப் போட்டா ஐரோப்பாக்காரன் மாதிரி இருப்பேன்னு எனக்கு ஒரு நினைப்பு. ஊரே அரைக்கை சட்டையில திரியுது, நான் மட்டும் மே மாசத்துல அதைக் கழட்டாம வேர்த்து வழிஞ்சுக்கிட்டு எல்லா ஃபோட்டோவுலயும் நிப்பேன். வெனிஸ்ல, எனக்கு வழி தெரியும், ஏறுங்கன்னு ரெண்டு பேரையும் ஒரு படகுல ஏத்தினேன். அது நேராக் கொண்டுபோய் எங்களை இறக்கின இடம் ஒரு தீவு. முழுக்க முழுக்கக் கல்லறை. உமையாள் என்னைப் பாத்தா. பாரு, எவ்வளவு அமைதியா இருக்குன்னு சொல்லிச் சமாளிச்சேன். வியன்னாவுல ரோட்டுல போன ஒருத்தரை நிறுத்தி, அரண்மனைக்கு எப்படிப் போகணும்னு ஜெர்மன்ல கேட்டேன். அவருக்குப் புரியல. வேற மாதிரி கேட்டேன். அதுவும் புரியல. கடைசியில அவர், "தம்பி, நீங்கள் தமிழிலையே கேளுங்கோவன்"னாரு. யாழ்ப்பாணத்துக்காரர். அங்க வந்து இருபது வருஷமாச்சாம்.

டென்சிங் அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு இன்னும் நிக்கல.

சரி, விஷயத்துக்கு வரேன். பயணத்தோட கடைசி நாள், ஜெர்மனியோட தெக்குப் பக்கம், மலைக்கு நடுவுல ஒரு ஏரி. உமையாள் பாக்கணும்னு ஆசைப்பட்ட இடம். அங்க வச்சு அவகிட்டச் சொல்லிடறதுன்னு முடிவு பண்ணியிருந்தேன். சொல்லவேண்டியதை எழுதி மனப்பாடமும் பண்ணிட்டேன். ஜெர்மன்ல.

ஏன் சிரிக்கிறீங்க? தமிழ்ல சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு சார். தமிழ்ல சொன்னா அது நான் சொல்றதா ஆயிடும். ஜெர்மன்ல சொன்னா யாரோ ஒருத்தன் சொல்ற மாதிரி இருக்கும். அவ வேணாம்னு சொன்னாலும், அந்த யாரோ ஒருத்தனைத்தானே வேணாம்னு சொல்றா? நான் தப்பிச்சுக்கலாம். அப்படி ஒரு கணக்கு.

காலையில ரயில் ஏறுறதுக்கு முன்னாடி ஸ்டேஷன் பூக்கடைக்குப் போனேன். நல்ல வெள்ளைச் சாமந்தி இருந்துச்சு. நம்ம ஊர்ல சாமந்தி இல்லாம ஒரு நல்ல காரியம் உண்டா? பெரிய கொத்தாக் கேட்டேன். கடைக்காரம்மா என் கோட்டைப் பாத்துது, பூவைப் பாத்துது, மெல்லிசா ஏதோ கேட்டுது. யா, யான்னேன், அந்த ஊர்ல ஆமான்னு அர்த்தம். உடனே அந்தம்மா முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. கொத்தைச் சுத்தி ஒரு கறுப்பு ரிப்பனைக் கட்டி, என் கையை லேசாத் தொட்டுக் கொடுத்துச்சு. காதலுக்கு இந்த ஊர்ல எவ்வளவு மரியாதைன்னு நினைச்சுக்கிட்டேன்.

பூவைப் பாத்ததும் டென்சிங்தான் யோசனை சொன்னான். "மக்கா, இத அவ கண்ணுல காட்டாத. கடைசிப் பெட்டியில கொண்டு வச்சிட்டு வா"ன்னான். அவனுக்கு விஷயம் தெரியும், ஒத்திகை கேட்டுக் கேட்டு அவனுக்கே மனப்பாடம் ஆயிருந்துச்சு. நான் பூவைத் தூக்கிக்கிட்டுக் கடைசிப் பெட்டிக்குப் போனேன். அங்க கூட்டமே இல்ல. சரி, இன்னொரு தடவை சொல்லிப் பாத்துக்கலாம்னு உட்காந்துட்டேன். என் ஃபோன் உமையாள் பையில சார்ஜ் ஏறிக்கிட்டு இருந்துச்சு.

கொஞ்ச தூரம் போனதும் ஒலிபெருக்கியில ஏதோ சொன்னாங்க. பெட்டியில இருந்த ஒண்ணு ரெண்டு பேர் மூட்டையைத் தூக்கிக்கிட்டு முன்பக்கம் போனாங்க. ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாடியே எழுந்திரிக்கிறாங்களே, நம்ம ஊர் மாதிரிதான்னு நினைச்சேன். ஒரு அம்மா என்கிட்டயே வந்து நின்னு, முன்னாடி கையைக் காட்டி என்னமோ சொல்லிச்சு. யா, யா, டாங்கேன்னு நன்றியும் சொன்னேன். அந்தம்மாவும் தன் கடமை முடிஞ்சதுன்னு போயிடுச்சு.

அந்த ஊர் ரயில்ல ஒரு வழக்கம் சார். நடுவழியில ஒரு ஸ்டேஷன்ல வண்டியை ரெண்டாக் கழட்டுவாங்க. முன்பாதி ஒரு ஊருக்கு, பின்பாதி வேற ஊருக்கு. முன்பாதி உமையாளையும் டென்சிங்கையும் ஏத்திக்கிட்டு ஏரிக்குப் போயிடுச்சு. நான் கையில பூவோட, கண்ணை மூடிக்கிட்டு, வாக்கியம் சொல்லிக்கிட்டு, வேற எங்கயோ போயிக்கிட்டு இருந்தேன்.

வண்டி நின்னுது. கடைசி ஸ்டேஷன். ஏரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு தேவாலயக் கோபுரம், கொஞ்சம் மாடு. திரும்பிப் போற வண்டி எப்பன்னு பலகையைப் பாத்தா ரொம்ப நேரம் கிடக்கு. ஃபோன் இல்ல, அவங்க நம்பரும் மனசுல இல்ல. இறங்கி நின்ன இடத்துலயே நின்னேன். சொன்னா வெட்கம், அழுகை வர்ற மாதிரி இருந்துச்சு.

ஸ்டேஷன் வாசல்ல ஒரு வயசானவர், கறுப்பு சூட்டு போட்டு, யாரையோ எதிர்பாத்து நின்னுக்கிட்டு இருந்தாரு. என்னைப் பாத்தாரு. என் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சாமந்தி, கறுப்பு ரிப்பன். நேரா வந்து என் முழங்கையைப் பிடிச்சாரு. இந்தியாவான்னு கேட்டாரு. யான்னேன். லிண்ட்னர்னு என்னமோ சொன்னாரு. வாகனத்துக்கு, தங்குமிடத்துக்கு, ஏதாவது உதவிக்கு அந்த ஊர்ல ஒரு வார்த்தை இருக்கும், அதுவாத்தான் இருக்கும்னு நினைச்சு அதுக்கும் யான்னேன். காரைத் திறந்து விட்டாரு. ஏறிட்டேன்.

கார் போய் நின்ன இடம் தேவாலயத்துக்குப் பின்னாடி இருக்கிற கல்லறைத் தோட்டம். குழி வெட்டியிருந்துச்சு. பெட்டி இருந்துச்சு. சுத்தி ஒரு சின்னக் கூட்டம், எல்லாரும் வயசானவங்க, பாதிப் பேர் கையில என்னுது மாதிரியே வெள்ளைச் சாமந்தி. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, லிண்ட்னர்ங்கிறது வாகனமும் இல்ல தங்குமிடமும் இல்ல, உள்ள இருக்கிறவரோட பேருன்னு.

அப்பவே சொல்லிட்டு வந்திருக்கலாம்தான். ஆனா தப்பான இடத்துக்கு வந்துட்டேன்னு சொல்றதுக்கு ஜெர்மன்ல என்னன்னு யோசிக்கிறதுக்குள்ள அந்த லிண்ட்னரோட சம்சாரம் என் முன்னாடி வந்து நின்னுட்டாங்க. குள்ளமான அம்மா, கறுப்புத் தொப்பி. என்னைப் பாத்துக்கிட்டே நின்னாங்க. கண்ணு பூவுக்குப் போச்சு. அப்புறம் என் கையைப் பிடிச்சுக் குழி ஓரம் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. எல்லாரும் ஒரு பிடி மண் போட்டாங்க. அது நம்ம ஊர் மாதிரிதான், எனக்குத் தெரிஞ்ச காரியம். நானும் போட்டேன். உமையாளுக்கு வாங்கின சாமந்தியைக் குழிக்குள்ள பெட்டி மேல போட்டேன்.

அதுக்கப்புறம் பக்கத்துல ஒரு சாப்பாட்டுக் கடைக்கு எல்லாரும் போனோம். துக்கத்துக்கு வந்தவங்களுக்குச் சூடா சூப்பு, ரொட்டி, கேக்கு, காப்பி. நான் காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல. அந்தம்மா என்னைத் தன் பக்கத்துலயே உட்கார வச்சுக்கிட்டாங்க. சாப்பிடச் சாப்பிட மெதுவா, சின்னச் சின்ன வார்த்தையா எனக்குச் சொன்னாங்க. பாதி புரிஞ்சுது. லிண்ட்னர் வாலிபத்துல இந்தியாவுல ஒரு இரும்பாலை கட்டுறதுக்கு வந்தவராம். அங்க அவருக்குக் கடுமையான காய்ச்சல். கூட வேலை பாத்த ஒருத்தர் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பக்கத்துலயே இருந்து காப்பாத்தினாராம். அவர் ஒரு நாள் இங்க வருவாருன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாராம். பிள்ளைங்க இல்ல அவங்களுக்கு.

நீங்க அவரை எந்த வருஷம் பாத்தீங்கன்னு என்னைக் கேட்டாங்க. வருஷம்னு காதுல விழுந்ததும், பரீட்சைக்குப் படிச்ச பழக்கத்துல நான் பிறந்த வருஷத்தைச் சொல்லிட்டேன். அந்தம்மா என்னையே பாத்தாங்க. அப்புறம் என் தட்டுல இன்னொரு துண்டு கேக்கு வச்சாங்க. எவ்வளவு சமாளிச்சேன் பாருங்க, ஒரு சந்தேகமும் வரல.

கொஞ்ச நேரத்துல ஒவ்வொருத்தரா எழுந்து லிண்ட்னரைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. தபாலாபீசுல வேலை பாத்தவர் பேசினாரு. கூடச் சீட்டாடினவர் பேசினாரு. முடிஞ்சதும், ஸ்டேஷன்லருந்து கூட்டிக்கிட்டு வந்தாரே அவரு, என் பக்கம் திரும்பி இந்தியான்னு சொல்லிக் கையைக் காட்டினாரு. கூட்டம் முழுக்க என்னைப் பாக்குது.

எழுந்து நின்னேன். மூளையில ஒண்ணுமே இல்ல. எனக்குத் தெரிஞ்ச முழு வாக்கியமே ஏரிக்கரைக்குன்னு வச்சிருந்ததுதான். வாயைத் திறந்தேன், அது வந்துடுச்சு.

தமிழ்ல சொன்னா இப்படி வரும் சார். "நீ வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர் எனக்கு வெறும் குளிரா இருந்துச்சு. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீ கதவுக்கு வெளிய சூப்பு வச்சுட்டுப் போனே. கதவைக்கூடத் தட்டல." அது சூப்பு இல்ல, ரசம். ரசத்துக்கு ஜெர்மன்ல வார்த்தை கிடையாது. "அன்னையிலருந்து எந்த இடத்துக்குப் போனாலும் நீ இருக்கியான்னுதான் முதல்ல பாக்கறேன். நான் நிறையப் பேசுவேன். முக்கியமானதைப் பேசினதில்ல. இன்னைக்குச் சொல்றேன்."

கூட்டத்துல மூக்கு உறிஞ்சுற சத்தம் கேக்குது. அவங்க, நான் செத்தவரையே பாத்துப் பேசுறேன்னு நினைச்சுக்கிட்டாங்க. காய்ச்சல், சூப்பு, எல்லாம் பொருந்திப் போச்சே. சீட்டாடினவர் கைக்குட்டையை எடுத்துட்டாரு.

கடைசி வாக்கியம் ஒண்ணு பாக்கி. நீ என்கூடவே இருக்கணும், அதுதான் என் ஆசை. ஜெர்மன்ல இந்த மாதிரி வாக்கியத்துக்கு வினைச்சொல் நம்ம மொழி மாதிரியே கடைசியிலதான் வரும். அது வர்ற வரைக்கும் என்ன சொல்லப்போறான்னு யாருக்கும் தெரியாது. என் ஆசை என்னன்னா, நீ என்கூடவே, அது வரைக்கும் சொல்லிட்டேன். அங்க நின்னு போச்சு. வினைச்சொல் வரல. அழுகை வந்துடுச்சு. ஏன் அழுதேன்னு கேட்டா எனக்கே தெரியாது. சூப்புல கடுகு விழுதைக் கொஞ்சம் அதிகமாப் போட்டுட்டேன்னு நினைக்கிறேன். நான் நிக்கிறேன், கூட்டம் மொத்தமும் ஒரு வினைச்சொல்லுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு.

அப்ப பக்கத்துலருந்து அந்தம்மா மெதுவா அந்த வார்த்தையைச் சொன்னாங்க. இருக்கணும்னு. எனக்கு எடுத்துக் கொடுத்த மாதிரியும் இருந்துச்சு, அவங்களுக்கே சொல்லிக்கிட்ட மாதிரியும் இருந்துச்சு. அவங்க என்னைப் பாக்கல. எதிர்ல காலியா இருந்த நாற்காலியைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

நான் உட்காந்தேன். நிமிர்ந்து பாக்கிறேன், வாசல்ல உமையாளும் டென்சிங்கும்.

ஏரி ஸ்டேஷன்ல என்னைக் காணோம்னதும் அவங்க விசாரிச்சு, திரும்பி, அடுத்த வண்டியைப் பிடிச்சு வந்திருக்காங்க. கறுப்புக் கோட்டு போட்ட இந்தியக்காரன்னு கேட்டதும் ஊர்ல யாரோ கைகாட்டி விட்டுட்டாங்க. எப்ப வந்தாங்க, எவ்வளவு கேட்டாங்கன்னு தெரியல. டென்சிங் வாயைப் பொத்திக்கிட்டுச் சுவரைப் பாத்துத் திரும்பி நின்னான், தோள் குலுங்குது. அவன் அழுதான்னு அங்க எல்லாரும் நினைச்சாங்க. உமையாள் சிரிக்கல. என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அவளுக்கு ஜெர்மன் அவ்வளவா வராதுன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். என்னைவிட நல்லாவே வரும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. பயணம் முழுக்க நான் கேட்ட வழியை எல்லாம் அவ பின்னாடி வந்து சரியாக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டிருக்கா.

அந்தம்மா அவங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வச்சு சூப்பு கொடுத்தாங்க. கிளம்பும்போது என் கன்னத்துல கையை வச்சு, வந்ததுக்கு நன்றின்னாங்க. அது முழுசாப் புரிஞ்சுது.

திரும்பி வர்ற வண்டியில மூணு பேரும் ஒரே பெட்டியில உட்காந்தோம். டென்சிங் என் கோட்டு நுனியைத் தன் கால்ல மிதிச்சுக்கிட்டே வந்தான், இனி எங்கயும் போயிடக்கூடாதுன்னு. வண்டி பிரியற அந்த ஸ்டேஷன்ல மாறி, ஏரிக்குப் போய்ச் சேர்றப்ப வெயில் சாஞ்சிருந்துச்சு. டென்சிங் ஃபோட்டோ எடுக்கிறேன்னு தள்ளிப் போயிட்டான். உமையாள் தண்ணி ஓரமா வந்து என் பக்கத்துல நின்னா.

"அந்தச் சாமந்தி யாருக்கு வாங்கினே?"ன்னா.

செத்துப்போனவருக்குன்னேன். அவசரத்துல வேற எதுவும் வரல.

"ரயில் ஏறும்போது அவர் செத்தது உனக்குத் தெரியுமா?"

நான் கோட்டு பட்டனைத் திருகிக்கிட்டு நின்னேன்.

"அது ரசம்"னா. "சூப்பு இல்ல."

எனக்குக் காது மடல் எல்லாம் சூடாயிடுச்சு. கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை முழுசாச் சொல்லுன்னா. ஆரம்பிச்சேன். மறுபடியும் அதே இடத்துல நின்னுடுச்சு. அவ காத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டு, "நீ வினைச்சொல்லுக்கு வர்ற வரைக்கும் என்னால காத்துக்கிட்டு இருக்க முடியாது. ஊருக்குப் போனதும் எங்க அப்பாகிட்ட வந்து பேசு. தமிழ்ல பேசு"ன்னா.

அவ்வளவுதான் சார். பேசினேன். காரைக்குடிக்குப் போற பஸ்ல நான் எப்படித் தப்பா இறங்கினேங்கிறது வேற கதை.

இதுல என் வருத்தம் என்னன்னா, அவங்க சிரிக்கிறது இல்ல. சிரிச்சுட்டுப் போகட்டும். உமையாள் கல்யாணத்துக்கு அப்புறம் புதுசா ஒண்ணு சேத்துச் சொல்ல ஆரம்பிச்சா. அன்னைக்கு நான் கை கழுவப் போயிருந்தப்ப அந்தம்மா அவகிட்ட இங்கிலீஷ்ல பேசினாங்களாம். உங்க நண்பருக்கு என் கணவர் யாருன்னே தெரியாது, இல்லையான்னு கேட்டாங்களாம். இவ பதறிப்போய் மன்னிப்புக் கேட்கப் போனாளாம். அவங்க இவ கையை அமுக்கி, எனக்குக் கல்லறையிலயே தெரியும், நீங்க அவர்கிட்டச் சொல்லாதீங்க, பாவம் பசியில வந்தாரு, நல்லாச் சாப்பிட்டுப் போகட்டும்னாங்களாம்.

இதை நான் நம்பல. இன்னைக்கு வரைக்கும் நம்பல. என் ஜெர்மன் அன்னைக்கு எவ்வளவு சுத்தமா இருந்துச்சுன்னு கேட்டவங்களுக்குத் தெரியும். அத்தனை பேர் அழுதாங்களே, அது பொய்யா? நான் அந்தக் கஞ்சி கொடுத்தவரோட மகன்னு அவங்க நினைச்சிருப்பாங்க. வயசும் சரியா இருக்கும்.

சரி, உமையாள் சொல்றது நிஜம்னே வச்சுக்குவோம். கல்லறையிலயே தெரிஞ்சிருந்தா, அந்தம்மா என்னைப் பக்கத்துல உட்கார வச்சிருப்பாங்களா? நான் பேச எழுந்ததுலருந்து, பேசி முடிச்சு அழுது முடிக்கிற வரைக்கும், என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க சார். விடவே இல்ல. யாருன்னே தெரியாத ஒருத்தன் கையை யாராவது அப்படிப் பிடிச்சுக்குவாங்களா, நீங்களே சொல்லுங்க.